எலிசபெத் கேட்லெட்: சிற்பப் பேராசிரியர் விட்டுப்போன பெட்டிகள்

இரவல் உளி எழுதியது:

ரொம்ப நாளாகத் தொடங்க நினைத்துத் தள்ளிப்போட்ட இழை இது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதுதான் சிக்கல்.

அகலமான தொப்பி, மேல்சட்டையைக் கூட்டிப் பிடித்திருக்கும் ஓர் ஊக்கு, முகமெல்லாம் செதுக்கல் கோடு. விளைச்சலில் பங்கு தந்து அடுத்தவர் நிலத்தில் பயிரிடும் கருப்பினப் பெண்ணின் அந்த லினோ அச்சை (லினோலியத் தகட்டில் செதுக்கி எடுத்தது, 1952) உங்களில் பலர் எங்காவது பார்த்திருப்பீர்கள். செய்தவர் எலிசபெத் கேட்லெட். நானும் பல வருடம் அவரை அச்சோவியர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருடைய படிப்பும் பிழைப்பும் சிற்பம். மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியில் 1958இல் சிற்பப் பேராசிரியராகச் சேர்ந்தார். அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். மறுவருடமே துறைத்தலைவர். 1970களின் நடுவில் ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

தெரியாதவர்களுக்காக முன்கதை. 1915இல் வாஷிங்டனில் பிறந்தார். தாத்தா பாட்டிகள் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அப்பா கணக்கு வாத்தியார். மகள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனார். பிட்ஸ்பர்கில் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் சேரப் போனபோது, கருப்பினத்தவர் என்று தெரிந்ததும் இடம் இல்லை என்றுவிட்டார்கள். (அதே நிறுவனம் 2008இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 93.) ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஓவியர்கள் லோயிஸ் மைலூ ஜோன்ஸ், ஜேம்ஸ் போர்ட்டர் ஆகியோரிடம் படித்து 1935இல் பட்டம். கொஞ்ச காலம் வட கரோலினாவில் பள்ளி ஆசிரியை. அப்புறம் அயோவா பல்கலைக்கழகம்.

அயோவாவில் ஆசிரியர் யார் தெரியுமா? கிராண்ட் வுட். பண்ணைவீட்டு முன்னால் கவட்டைக் கம்போடு நிற்கும் கிழவரையும் பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் வரைந்தாரே, அவரேதான். உனக்கு நன்றாகத் தெரிந்ததைச் செய் என்று அவர் சொன்னதைத்தான் கேட்லெட் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் செய்ததுதான் சுண்ணாம்புக்கல்லில் தாயும் குழந்தையும். அயோவா முதன்முதலாக எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலைப் பட்டம்) கொடுத்த மூவரில் ஒருவராக 1940இல் வெளியே வந்தார். அதே வருடம் சிகாகோவில் நடந்த கருப்பினத்தவர் கண்காட்சியில் அந்தச் சிலைக்குச் சிற்பத்தில் முதல் பரிசு.

பிறகு நியூ ஆர்லியன்ஸில் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வேலை, ஓவியர் சார்லஸ் வைட்டுடன் திருமணம், நியூயார்க்கில் ஹார்லெமில் உழைக்கும் மக்களுக்கான மாலைப் பள்ளி, ரோசன்வால்ட் உதவித்தொகை, 1946இல் மெக்சிகோ. அங்கே இடதுசாரி அச்சோவியர்கள் கூட்டாக நடத்திய மக்கள் அச்சோவியப் பட்டறையில் சேர்ந்தார். முதல் திருமணம் முறிந்தது. 1947இல் பட்டறைத் தோழர் பிரான்சிஸ்கோ மோராவை மணந்தார். மூன்று மகன்கள். 1958இல் பல்கலைக்கழக வேலை; அப்போதே மெக்சிகோ குடியுரிமையும் வாங்கிவிட்டார். 2012இல் குவெர்னவாக்காவில் காலமானார்.

சரி, இப்போது என் கேள்வி. சிலைகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அச்சுகளை எங்கும் பார்க்கலாம். பதினேழு வருடத்துக்குக் குறையாமல் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்தாரே, அது எங்கே? அவருடைய தாள்கள் (கடிதம், குறிப்பு போன்றவை) நியூ ஆர்லியன்ஸில், கருப்பின வரலாற்று ஆவணங்களைச் சேர்க்கும் அமிஸ்டாட் ஆய்வு மையத்தில் பெட்டிகளில் இருக்கின்றன. பாடம் நடந்தது மெக்சிகோவில், பெட்டிகள் அமெரிக்காவில். வாத்தியார் வேலை காகிதத்தில் தங்குமா? இங்கே காப்பகத்தில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும், சொல்லுங்கள்.

மரத்தூள் எழுதியது:

நல்ல இழை சார். நான் மரவேலைக்காரன், அதனால் ஒன்றே ஒன்று. சிற்ப வகுப்பில் பாதி பாடம் வாயால் வராது. கொட்டாப்புளியை எந்தக் கோணத்தில் இறக்க வேண்டும் என்று வாத்தியார் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்புவார், அவ்வளவுதான். அதற்கு எந்தக் காகிதம்?

அட்டைப்பெட்டி எழுதியது:

முதலில் ஒரு திருத்தம். // அப்போதே மெக்சிகோ குடியுரிமையும் வாங்கிவிட்டார் // இல்லை தம்பி. குடியுரிமை 1962இல். நாலு வருட வித்தியாசம்தானே என்று விடமுடியாது, கதையே அங்கேதான் இருக்கிறது. அவர் இருந்த பட்டறையை அமெரிக்க அரசு கம்யூனிஸ்ட் முகாமாகத்தான் பார்த்தது. மெக்சிகோவில் குடியேறிய அமெரிக்க இடதுசாரிகள் எல்லோர் மேலும் அமெரிக்கத் தூதரகத்துக்கும் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கும் ஒரு கண். 1950களின் கடைசியில் ரயில்வே தொழிலாளர் போராட்டத்தை ஒட்டி மெக்சிகோ போலீசே அவரைப் பிடித்துக்கொண்டு போனது. வெளிநாட்டார் அந்த நாட்டு அரசியலில் தலையிட்டால் வெளியேற்றலாம் என்று மெக்சிகோ அரசியல் சட்டம் 33ஆம் பிரிவில் இருந்தது. ஆக, கலைப்பள்ளியில் சேர்ந்து முதல் நாலு வருடம் எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம் என்ற நிலையில்தான் வகுப்பெடுத்திருக்கிறார். 1962இல் அந்தப் பயம் தீர்ந்தது. தீர்ந்ததும் அமெரிக்கா "விரும்பத்தகாத அயலார்" என்று முத்திரை குத்தி, பிறந்த நாட்டுக்குள்ளேயே வரவிடாமல் செய்தது.

இப்போது பெட்டிகள். நான் கேட்லெட்டின் பெட்டிகளைத் தொட்டவள் இல்லை. வேறு கலைஞர்களின் தாள்களை அடுக்கிப் பட்டியல் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன். ஒருவருடைய தாள்கள் என்று ஒரு காப்பகம் வாங்கி வைத்தால், அதில் அவர் எழுதிய கடிதம் இருக்காது. அவருக்கு வந்த கடிதம்தான் இருக்கும். யோசித்தால் இது சாதாரண விஷயம். நான் உங்களுக்குக் கடிதம் போட்டால் அது உங்கள் வீட்டில்தானே இருக்கும்? கார்பன் வைத்துத் தட்டச்சு செய்து நகலை வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. ஆனால் புதிதாக வருகிற ஆராய்ச்சி மாணவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் பெட்டியைத் திறந்து இரண்டு நாள் கழித்துத்தான் இதைக் கண்டுபிடிப்பார்கள். முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

அதனால் கேட்லெட்டின் குரல் வேண்டுமென்றால் மற்றவர்கள் பெட்டிகளுக்குப் போக வேண்டும். அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த ஓவியர்கள், கண்காட்சி நடத்தியவர்கள், வாங்கியவர்கள், இப்படி. உதாரணமாக சார்லஸ் வைட்டின் தாள்கள் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1954இல் டெட்ராய்டில் தொடங்கி 1970இல் ஸ்மித்சோனியனுக்குள் வந்த நிறுவனம் அது. அமெரிக்கக் கலைஞர்களைப் பற்றி யார் எதைத் தேடினாலும் முதலில் அங்கேதான் போவார்கள். நிறைய சேகரிப்புகளை முழுக்க ஸ்கேன் செய்து இலவசமாகவே போட்டிருக்கிறார்கள்.

மரத்தூள், மணிக்கட்டைத் திருப்பியதற்குக் காகிதம் கிடையாது, உண்மை. ஆனால் அந்த மணிக்கட்டுக்காரர் பத்து வருடம் கழித்து ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டு எழுதுவார். அது பெட்டியில் இருக்கும்.

நேர்க்கோடு எழுதியது:

எல்லோரும் கை தட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கேட்லெட்டின் வாழ்க்கை பெரிய வாழ்க்கைதான். சிற்பம்? தாய், குழந்தை, உயர்த்திய கை, திரும்பவும் தாய், குழந்தை. அதே காலத்தில் மற்றவர்கள் இரும்பைப் பற்றவைத்துச் சிற்பம் என்றால் என்ன என்பதையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் 1970லும் மரத்தில் முகம் செதுக்கிக்கொண்டிருந்தார். விசா மறுத்தார்கள், போலீஸ் பிடித்தது என்பதெல்லாம் அனுதாபம் தரும். அதை வைத்து உருவத்துக்கு மார்க் போடக்கூடாது.

இரவல் உளி எழுதியது:

அட்டைப்பெட்டி அக்கா, திருத்தத்துக்கு நன்றி. முதல் பதிவை மாற்றாமல் அப்படியே விடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் பதில் அந்தரத்தில் நிற்கும்.

நேர்க்கோடுக்குப் பதில் சொல்ல மரத்தூள்தான் சரியான ஆள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

மரத்தூள் எழுதியது:

மாட்டிவிட்டீர்களே.

சரி, சொல்கிறேன். 1968இல் தன் இளைய கருப்பினச் சகோதரிகளுக்குக் காணிக்கையாக அவர் செய்த தேவதாரு மரச் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் பெண், ஒரு கை மேலே, முகம் வானத்தைப் பார்த்து. படத்தில் பார்த்தால் சுவரொட்டி மாதிரிதான் இருக்கும், நேர்க்கோடு சொல்வது போல. ஆனால் வயிற்றுப் பகுதியைப் பாருங்கள், ஒரு குழிவு குடைந்திருக்கிறார். உள்வளைவில் மர ரேகை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். இது அழகுக்கு மட்டும் செய்வதில்லை. பருத்த மரம் காயும்போது வெளிப்புறம் முதலில் சுருங்கும், நடுவில் ஈரம் நிற்கும், அதனால் வெடிக்கும். நடுவைக் குடைந்துவிட்டால் அந்த இழுவிசை குறையும். உடம்பில் பெண்மையைச் சொல்கிற இடமும், மரம் பிழைக்கத் தேவையான இடமும் ஒன்றாக விழுகிறது. அப்படி விழவைப்பதற்குப் பெயர்தான் தேர்ச்சி. கொள்கை மட்டும் இருந்தால் போதாது, கை வேண்டும்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது? மெக்சிகோவுக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே பட்டதாரி, பரிசு வாங்கியவர், ஆசிரியையாக இருந்தவர். ஆனாலும் லா எஸ்மெரால்டா கலைப்பள்ளியில் ஹோசே ரூயிஸிடம் மரம் செதுக்க உட்கார்ந்தார். சிற்பி பிரான்சிஸ்கோ சூனிகாவிடம் சுடுமண் வேலை கற்றார். முப்பது வயதுக்கு மேல், கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு திரும்பவும் மாணவி.

அப்புறம் // மற்றவர்கள் இரும்பைப் பற்றவைத்து // அந்த வழி தெரியாமல் இவர் இந்தப் பக்கம் வரவில்லை. நியூயார்க்கில் சிற்பி ஓசிப் சாட்கினிடம் படித்தவர், அருவம் (உருவத்தை அப்படியே காட்டாத கலை) தெரிந்தவர். அவர்களுக்குள் வாக்குவாதமே நடந்திருக்கிறது. எல்லா மனிதருக்கும் பொதுவானதிலிருந்து தொடங்கு என்பது சாட்கின் கட்சி. என் மக்களிடமிருந்து தொடங்கி அந்தப் பொதுவுக்குப் போகிறேன் என்பது இவர் கட்சி. அவருடைய மரத்தில் தேவையில்லாத விரல், தேவையில்லாத மடிப்பு ஒன்றுகூட இருக்காது. அது அருவம் படித்தவர் கை.

நடுச்சாமம் எழுதியது:

மரத்தூள் இவ்வளவு பெரிய பதிவு எழுதி இன்றுதான் பார்க்கிறேன். இழைக்கு அதுவே பெரிய சாதனை.

வெண்களி எழுதியது:

நான் களிமண் ஆள். சூனிகாவிடம் கற்ற சுடுமண் முறையைப் பற்றிச் சேர்க்கிறேன், ஏனென்றால் அவர் என்ன மாதிரி ஆசிரியராக இருந்திருப்பார் என்பதற்கு எனக்கு அதுதான் தடயம்.

ஐரோப்பியப் பயிற்சியில் களிமண் என்பது இடைவழிதான். உள்ளே கம்பி வைத்து, மேலே மண் அப்பி, உருவம் வந்ததும் பிளாஸ்டரில் அச்செடுத்துவிட்டு மண்ணைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சூனிகா காட்டியது கொலம்பஸுக்கு முந்தைய மெக்சிகோ மக்களின் முறை. மண்ணைக் கயிறுபோல உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே வெறுமையாகவே உருவத்தை எழுப்புவது. கம்பி இல்லை, அச்சு இல்லை, அப்படியே சூளைக்குப் போகும். இப்படிச் செய்யும்போது மேற்பரப்பை வெளியிலிருந்து அழுத்தவே முடியாது. இடது கை உள்ளே, வலது கை வெளியே. இரண்டும் சேர்ந்து தள்ள வேண்டும். முகம் உள்ளிருந்து உப்பி வருகிற மாதிரி இருக்கும். கேட்லெட்டின் சுடுமண் தலைகளிலும், ஏன், வெண்கலத் தலைகளிலும்கூட அந்த உப்பல் தெரியும்.

இதை எடுத்துக்கொண்டு அவர் எங்கே பாடம் நடத்தப் போனார் என்பதுதான் வேடிக்கை. பல்கலைக்கழகக் கலைப்பள்ளி அப்போது பழைய சான் கார்லோஸ் கட்டடத்தில் இருந்தது (1979இல்தான் சோச்சிமில்கோவுக்கு மாறியது). ஸ்பானிய அரசர் காலத்து அகாதமி அது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிற்பி மனுவேல் தோல்சா கப்பலேற்றிக் கொண்டுவந்த கிரேக்க, ரோமானியச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகள் அங்கே உண்டு. முற்றத்தில் சிறகு விரித்த வெற்றித் தேவதையின் முழு அளவு வார்ப்பு. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அந்த வெள்ளை உடம்புகளைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். அந்தத் தேவதைக்குக் கீழே நடந்துபோய், அடிமைகளின் பேத்தி ஒருவர் ஸ்பானிய மொழியில் சிற்பம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இதுவும் எந்தப் பெட்டியிலும் இருக்காது, ஆனால் எனக்கு இது போதும்.

நேர்க்கோடு எழுதியது:

மர ரேகை விஷயத்தில் மரத்தூளிடம் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். சுவரொட்டி விஷயத்தில் இன்னும் தோற்கவில்லை.

1970இல் செய்த "இலக்கு" என்ற வெண்கலத்தைப் பார்த்தேன். கருப்பின ஆணின் தலை, அதற்கு முன்னால் துப்பாக்கியின் குறிபார்க்கும் வளையம். சிகாகோவில் 1969 டிசம்பரில் கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த ஃபிரெட் ஹாம்ப்டனையும் மார்க் கிளார்க்கையும் போலீஸ் சுட்டுக் கொன்றதற்கு எதிர்வினை. எனக்குத் தலை பிடித்திருக்கிறது. வளையம் தேவையா? தலையே எல்லாம் சொல்லிவிடுகிறதே.

இரவல் உளி எழுதியது:

நல்ல கேள்வி. எனக்கு வளையம் வேண்டும். வளையம் இல்லாமல் நாம் அந்தத் தலையை ரசிப்போம். வளையம் வந்ததும் நாம் நிற்கிற இடம் துப்பாக்கி பிடித்தவன் நிற்கிற இடமாகிவிடுகிறது. அதைத் தலையால் மட்டும் செய்ய முடியாது. ஆனால் இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று தெரிகிறது, விடுங்கள்.

அந்த "இலக்கு" இருக்கும் இடத்தைச் சொல்கிறேன், எனக்கே தேடும்போது ஆச்சரியமாக இருந்தது. அதே அமிஸ்டாட் மையம். அவருடைய தாள்கள் இருக்கும் இடத்திலேயே சிலையும்.

அந்த மையமும் கொஞ்சம் அலைந்திருக்கிறது. 1966இல் நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1970இல் டில்லார்டுக்கு வந்து, கடைசியில் டுலேன் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கியது. டில்லார்ட் என்றதும் மணி அடிக்கிறதா? கேட்லெட் 25 வயதில் வேலை பார்த்த இடம்.

டில்லார்டில் இருந்தபோது அந்த ஊர் டெல்கடோ அருங்காட்சியகத்தில் பிக்காசோ கண்காட்சி நடந்தது. அருங்காட்சியகம் இருந்தது நகரப் பூங்காவுக்குள். பூங்காவுக்குள் கருப்பினத்தவர் போகக்கூடாது. அதாவது அருங்காட்சியகம் தடுக்கவில்லை, ஆனால் அதன் வாசலுக்குப் போகும் வழி தடை. கேட்லெட் என்ன செய்தார்? பொதுமக்களுக்கு விடுமுறையான திங்கட்கிழமையாகப் பார்த்து ஏற்பாடு செய்து, மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி நேரே வாசற்படியில் கொண்டுபோய் இறக்கினார். பூங்காத் தரையில் யாருடைய காலும் படவில்லை. சட்டத்துக்குச் சட்டம் ஆயிற்று, பிக்காசோவுக்குப் பிக்காசோவும் ஆயிற்று. அந்த மாணவர்களில் பெரும்பாலானவர்கள் அதுவரை அருங்காட்சியகத்துக்குள்ளேயே போனதில்லை.

இது எப்படித் தெரிகிறது? டில்லார்டில் அவரிடம் படித்த சமெல்லா லூயிஸ் பிற்காலத்தில் பெரிய கலை வரலாற்றாளராகி, தன் ஆசிரியையைப் பற்றியே புத்தகம் எழுதினார். மெக்சிகோ மாணவர்களில் அப்படி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நாம் அதைத்தான் பேசிக்கொண்டிருப்போம். என் முதல் கேள்விக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது: வாத்தியார் வேலை தங்குவது மாணவர்கள் வாயில்தான்.

அட்டைப்பெட்டி எழுதியது:

// மாணவர்கள் வாயில்தான் // அவசரப்படாதீர்கள். காகிதத்தின் பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன்.

சிற்பியின் தாள்களில் எல்லோரும் கடிதத்தைத்தான் தேடிப் படிப்பார்கள். எனக்குப் பிடித்தது வார்ப்புப் பட்டறை ரசீது. வெண்கலச் சிலை ஒன்றே ஒன்று அல்ல. ஒரே அச்சிலிருந்து ஐந்தோ எட்டோ வார்ப்பார்கள், எண் போடுவார்கள். எந்த வருடம் எத்தனை வார்த்தார்கள், எந்த எண் யாருக்குப் போனது என்பது சிலையைப் பார்த்தால் தெரியாது. ரசீதில் தெரியும். கலைஞர் இறந்தபிறகு யாராவது கள்ளத்தனமாக ஒன்பதாவது சிலையை வார்த்துச் சந்தைக்குக் கொண்டுவந்தால், அதைப் பிடிக்க ஒரு மளிகைச் சீட்டு மாதிரியான அந்தத் துண்டுக் காகிதம்தான் சாட்சி. நன்கொடை கொடுக்கும் குடும்பங்கள் முதலில் தூக்கிப் போடுவதும் அதைத்தான். "வெறும் பில்லுங்க மேடம், குப்பை." எத்தனை முறை கேட்டிருப்பேன்!

இன்னொன்று ஸ்லைடுகள். அந்தக் காலத்துக் கலை ஆசிரியர் எல்லோரிடமும் பெட்டி பெட்டியாக இருக்கும். வகுப்பில் என்ன காட்டினார் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. எந்தச் சிலைக்குப் பக்கத்தில் எதை வைத்தார் என்ற வரிசையே பாடம். அதனால்தான் வந்த வரிசையைக் கலைக்காதே என்று எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். நிறம் சிவந்து போயிருக்கும், பரவாயில்லை. வரிசை போனால்தான் போச்சு.

மூன்றாவது, யாரும் நன்கொடையாகக் கொடுக்காத காகிதம். அரசாங்கம் ஒருவரைப் பற்றி எழுதி வைத்தது. கேட்லெட் மாதிரியான ஆட்களைப் பற்றி யார் அதிக அக்கறையாக ஆவணம் சேர்த்தார்கள் என்றால், வருத்தமாக இருந்தாலும், உளவு பார்த்தவர்கள்தான். எந்தக் கூட்டத்தில் பேசினார், யார் வீட்டுக்குப் போனார், தேதியோடு. தப்புத் தகவலும் அதில் நிறைய இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது.

1970இல் இலினாயில் கருப்பினக் கலை பற்றி ஒரு மாநாடு. விசா கிடைக்கவில்லை. மெக்சிகோவிலிருந்து தொலைபேசியில் பேசினார். அந்தப் பேச்சில், தான் ஒரு கருப்பினப் புரட்சிக் கலைஞர் என்று சொல்லிக்கொண்ட வரியிலிருந்துதான் 2024இல் புரூக்ளின் அருங்காட்சியகம் நடத்திய பெரிய கண்காட்சிக்குத் தலைப்பு எடுத்தார்கள். விசா கொடுத்திருந்தால் மேடையில் பேசிவிட்டுப் போயிருப்பார்.

நடுச்சாமம் எழுதியது:

அக்கா, அமெரிக்கா எப்போது உள்ளே விட்டது? கடைசிவரை விடவே இல்லையா?

அட்டைப்பெட்டி எழுதியது:

1971இல். ஹார்லெம் ஸ்டூடியோ அருங்காட்சியகத்தில் அவருடைய தனிக் கண்காட்சி. பலர் சேர்ந்து அரசுக்குக் கடிதம் எழுதி நெருக்கியபிறகு அதற்கு மட்டும் விசா கொடுத்தார்கள். பத்து வருடம் போலப் பிறந்த மண்ணை மிதிக்காதவர், தன் சிலைகளைப் பார்க்க விருந்தாளியாகப் போனார். அமெரிக்கக் குடியுரிமை திரும்பக் கிடைத்தது 2002இல்.

இடையில் அதே நாட்டில் வேலை மட்டும் குறையவில்லை. 1977இல் தான் படித்த ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கட்டடத்துக்கு வெண்கலப் புடைப்புச் சிற்பம், 1980இல் நியூ ஆர்லியன்ஸ் பூங்காவில் ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் சிலை, 2003இல் நியூயார்க்கில் நாவலாசிரியர் ரால்ஃப் எலிசனுக்கு நினைவுச் சின்னம். கடைசியாகச் சொன்னதில் உருவமே கிடையாது. உயரமான வெண்கலத் தகடு, நடுவில் நடந்துபோகும் ஆளின் வடிவம் வெட்டி எடுக்கப்பட்ட ஓட்டை. நேர்க்கோடு கவனிக்க.

நேர்க்கோடு எழுதியது:

கவனித்தேன். ஓட்டை வழியாக மரங்கள் தெரிகிற படமும் பார்த்தேன். அது பிரமாதம். வாயை மூடிக்கொள்கிறேன், இன்றைக்கு மட்டும்.

வெண்களி எழுதியது:

அயோவா பற்றி ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. அவர் படித்த காலத்தில் கருப்பின மாணவர்களுக்கு விடுதியில் இடம் கிடையாது. ஊருக்குள் யார் வீட்டிலாவது தங்கிக்கொள்ள வேண்டும். 2017இல் அதே பல்கலைக்கழகம் புதிதாகத் திறந்த மாணவர் விடுதிக்குக் கேட்லெட் பெயர் வைத்தது. அவருக்குத் தெரியாது, ஐந்து வருடம் முன்பே போய்விட்டார். ஆனால் உயிரோடு இருந்தபோதே அவர் அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் செய்த வேலை ஒன்று உண்டு. தன் அச்சுகளை அவர்களுடைய அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியபோது, அந்தப் பணத்தை மாணவர் உதவித்தொகைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மரத்தூள் எழுதியது:

ஒரு உதவி. 1968இல் செய்த "கருப்பின ஒற்றுமை" என்ற மரச் சிலை, பெரிய முஷ்டி. தேடினால் எல்லாப் படமும் முஷ்டிதான், ஒரே கோணம். மெருகு எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஓட்டப்பந்தய வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கையை உயர்த்திய வருடம், அதே ஊரில் செய்தது. அதனால் பத்திரிகைக்காரர்களுக்கு முஷ்டி மட்டும் போதும்போல. பின்பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?

இரவல் உளி எழுதியது:

பின்பக்கம் மொட்டையாக இருக்கும் என்று நினைத்து நான் தேடவே இல்லையே. பார்த்துவிட்டு வருகிறேன்.

இரவல் உளி எழுதியது:

கிடைத்தது. இரண்டு முகங்கள் மரத்தூள் சார். பின்பக்கம் முழுக்க, பக்கத்தில் பக்கத்தில், கண்ணை அமைதியாக வைத்துக்கொண்டு இரண்டு முகங்கள். முஷ்டியின் புறங்கை எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது என்று மூன்று முறை பார்த்தும் பிடிபடவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன். ரேகை ஓடும் திசையை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.